நான்கு வடிவங்கள், 21 காலங்கள்: இத்தாலிய வினைச்சொற்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலிய வினைச்சொல் ஒன்றை முழுதாக விரித்து எழுதினால் 7 பாங்குகள் (உறுதி, ஐயம், ஏவல் என்று சொல்லும் விதங்கள்), அவற்றுக்குள் மொத்தம் 21 காலங்கள் வரும். பெரும்பாலான காலங்களுக்கு நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு வடிவங்கள். இந்த அட்டவணையை மேலிருந்து கீழாக உருப்போடத் தொடங்குகிறவர்கள் பாதி வழியிலேயே களைத்துப்போகிறார்கள். அப்படி உருப்போடத் தேவையே இல்லை என்பது என் கட்சி. ஒரு வினைக்கு நான்கு வடிவங்கள் தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் அவற்றிலிருந்தே வந்துவிடும். அந்த நான்கில் ஒன்று, பேசத் தொடங்கும்போது வேண்டவே வேண்டாம்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு. 'வந்தேன்' என்றால் 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா, இத்தாலியனிலும் அதேதான். 'பார்லோ' என்றாலே 'பேசுகிறேன்'. முன்னால் 'இயோ' (நான்) சேர்த்தால் 'நான்தான் பேசுகிறேன்' என்ற அழுத்தம் வந்துவிடும். ஆனால் 'பார்லா' என்பது பேசுகிறான், பேசுகிறாள் இரண்டுக்கும் பொது. ஆண், பெண் வேறுபாடு வினையில் தலைகாட்டும் இடம் வேறு; அதற்குப் பிறகு வருகிறேன்.

வாசிக்கும் முறை

இங்கே எல்லாமே தமிழ் எழுத்தில் இருப்பதால் சில ஏற்பாடுகள். சொல்லின் முதலிலோ நடுவிலோ நெடில் வந்தால் அங்கேதான் அழுத்தம். கடைசி எழுத்தின் நெடிலை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம். அழுத்தம் அங்கே விழுந்தால் நானே சொல்லிவிடுகிறேன். 'ந்த' என்பதை 'பந்து' போலவும், 'ன்த' என்பதில் வரும் த-வை 'பத்து' போலவும் சொல்லுங்கள். விகுதிகளில் வரும் ஆதே, ஏதே, ஈதே, ஆதோ, ஊதோ, ஈதோ எல்லாவற்றிலும் 'பத்து' ஒலிதான். ச வந்தால் 'அச்சு', ஸ வந்தால் 'பஸ்'. எழுத்துக்கூட்டலுக்கு நல்ல அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நான்கு வடிவங்கள்

ஒவ்வொரு புதிய வினையையும் இந்த நான்கோடு குறித்துக்கொள்ளுங்கள்.

1. அகராதி வடிவம்: பர்லாரே (பேச), வேந்தெரே (விற்க), பர்தீரே (புறப்பட). எல்லா வினைகளும் ஏறக்குறைய இந்த மூன்று குடும்பங்களில் அடங்கும்: ஆரே, எரே, ஈரே. எதிர்காலம், 'செய்வேனே' என்னும் பாங்கு, தொடர் இறந்தகாலம் ஆகியவை இதிலிருந்து வரும்.

2. நிகழ்காலத்தில் 'நான்' வடிவம்: பார்லோ, வேந்தோ, பார்தோ. ஐயப் பாங்கும், மரியாதை ஏவலும் இதிலிருந்து.

3. இறந்தகால எச்சம்: பர்லாதோ, வெந்தூதோ, பர்தீதோ. துணைவினையோடு சேர்ந்து வரும் கூட்டுக் காலங்கள் அத்தனையும் இதிலிருந்து.

4. தொலை இறந்தகாலத்தில் 'நான்' வடிவம்: பர்லாய், வெந்தேய், பர்தீ. இது கதைக்கும் வரலாற்றுக்கும். இதைத்தான் ஆரம்பத்தில் வேண்டாம் என்றேன்.

ஒழுங்கான வினை என்றால் முதல் வடிவமே மற்ற மூன்றையும் சொல்லிவிடும். ஒழுங்கற்ற வினை என்றால் இந்த நான்கில் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். 'வெனீரே' (வர) வினையைப் பாருங்கள். அகராதி வடிவம் வெனீரே, நான் வடிவம் வேங்கோ, எச்சம் வெனூதோ, தொலை இறந்தகாலம் வேன்னி. இந்த வரிசை மனதில் இருந்தால் வினையில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும்.

இரண்டாம் படி: நிகழ்காலம்

மூன்று குடும்பங்களும் நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்:

பர்லாரே: பார்லோ, பார்லி, பார்லா, பர்லியாமோ, பர்லாதே, பார்லனோ.
வேந்தெரே: வேந்தோ, வேந்தி, வேந்தே, வெந்தியாமோ, வெந்தேதே, வேந்தொனோ.
பர்தீரே: பார்தோ, பார்தி, பார்தே, பர்தியாமோ, பர்தீதே, பார்தொனோ.

நான் என்றால் எப்போதும் ஓ, நீ என்றால் எப்போதும் இ, நாம் என்றால் எப்போதும் இயாமோ. 'அவர்', 'நீங்கள்', 'அவர்கள்' ஆகியவற்றில்தான் குடும்பத்துக்குக் குடும்பம் உயிரெழுத்து மாறுகிறது. 'அவர்கள்' வடிவத்தின் அழுத்தத்தைக் கவனியுங்கள். பார்லனோ என்பதில் அழுத்தம் முதல் அசையில். அதை 'பர்லானோ' என்று இழுத்தால் கேட்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். 'நான்' வடிவத்தில் எங்கே அழுத்தமோ, 'அவர்கள்' வடிவத்திலும் அங்கேயே.

ஈரே குடும்பத்தில் பலவற்றுக்கு நடுவில் ஒரு 'இஸ்க்' நுழையும். கபீரே (புரிந்துகொள்ள): கபீஸ்கோ, கபீஷி, கபீஷே, கபியாமோ, கபீதே, கபீஸ்கொனோ. 'நாம்', 'நீங்கள்' இரண்டில் மட்டும் அது இல்லை. வெனீரே வினையிலும் இதே கதைதான்: வேங்கோ, வியேனி, வியேனே, வெனியாமோ, வெனீதே, வேங்கொனோ. முதல் மூன்றும் கடைசி ஒன்றும் குழம்பும். நாம், நீங்கள் சாதுவாக இருக்கும். இந்தப் பாணி ஐயப் பாங்கிலும் ஏவலிலும் அப்படியே தொடர்வதால் இங்கேயே அதைப் பழகிக்கொள்வது லாபம்.

உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியவை பத்துப் பதினைந்து வினைகள்தாம். அவற்றில் முதலிரண்டைத் தள்ளிப்போட முடியாது.

எஸ்ஸெரே (இருக்க): ஸோனோ, ஸேய், ஏ, ஸியாமோ, ஸியேதே, ஸோனோ.
அவேரே (உடையதாக இருக்க): ஓ, ஆய், ஆ, அப்பியாமோ, அவேதே, ஆன்னோ. (அப்பியாமோ என்பதில் வருவது 'கம்பு' என்பதில் உள்ள ப, இரட்டித்தது.)

ஓ, ஆ, ஏ என்று வெறும் உயிரெழுத்துகளே முழு வினைகளாக நிற்பது முதலில் வேடிக்கையாகத் தோன்றும். அடுத்து அந்தாரே (போக): வாதோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாதே, வான்னோ. ஃபாரே (செய்ய): ஃபாச்சோ, ஃபாய், ஃபா, ஃபச்சாமோ, ஃபாதே, ஃபான்னோ. தீரே (சொல்ல): தீகோ, தீசி, தீசே, திசாமோ, தீதே, தீகொனோ. இவற்றுக்குப் பிறகு 'முடியும்', 'வேண்டும்', 'விரும்புகிறேன்', 'தெரியும்' என்ற பொருள் தரும் பொதேரே, தொவேரே, வொலேரே, ஸபேரே நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சில் இவை இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடாது.

நிகழ்காலம் நாளைய வேலைக்கும் செல்லும். 'நாளைக்குக் கிளம்புகிறேன்' என்று நாம் சொல்வது போலவே 'பார்தோ தொமானி'. எதிர்கால விகுதிக்கு அவசரப்படத் தேவையில்லை.

மூன்றாம் படி: அன்றாட இறந்தகாலம்

பேச்சில் நடந்துமுடிந்ததைச் சொல்லும் காலத்தின் பெயர் பஸ்ஸாதோ ப்ரோஸ்ஸிமோ. அவேரே அல்லது எஸ்ஸெரே வினையின் நிகழ்கால வடிவத்தோடு இறந்தகால எச்சம் சேர வேண்டும்: 'ஓ பர்லாதோ' (பேசினேன்), 'ஸோனோ பர்தீதோ' (புறப்பட்டேன்).

எந்தத் துணைவினை என்பதுதான் இத்தாலியன் கற்பவர்களை அதிகம் அலைக்கழிக்கும் கேள்வி. செயப்படுபொருள் உள்ள வினைகளுக்கு அவேரே. போதல், வருதல், புறப்படுதல், சேருதல், பிறத்தல், இறத்தல், ஆகுதல், தங்குதல் போன்று இடமோ நிலையோ மாறுகிற, அல்லது மாறாமல் நிற்கிற வினைகளுக்கு எஸ்ஸெரே. தன்னையே குறிக்கும் வினைகள், உதாரணமாக அல்ட்ஸார்ஸி (எழுந்திருக்க), விதிவிலக்கின்றி எஸ்ஸெரேதான்.

'நகர்ச்சி வினை என்றால் எஸ்ஸெரே' என்று சுருக்கமாகச் சொல்லித்தருவார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். நடப்பது, நீந்துவது, பயணம் செய்வது மூன்றும் நகர்ச்சிதான். ஆனால் மூன்றுக்கும் அவேரே. எங்கே போய்ச் சேருகிறோம் என்ற முடிவு வினைக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். 'ஓட' என்ற கோர்ரெரே இதை அழகாகக் காட்டும். சும்மா ஓடினேன் என்றால் 'ஓ கோர்ஸோ'. வீட்டுக்கு ஓடினேன் என்றால் 'ஸோனோ கோர்ஸோ அ காஸா'.

ஆண், பெண் வேறுபாடு வெளிப்படுவது இங்கேதான். எஸ்ஸெரே வந்தால் எச்சம் எழுவாய்க்கு ஏற்ப மாறும். ஆண் ஒருவர் 'ஸோனோ அந்தாதோ' என்பார், பெண் 'ஸோனோ அந்தாதா'. ஆண்கள் பலர் அல்லது இருபாலரும் கலந்த கூட்டம் 'ஸியாமோ அந்தாதி', பெண்கள் மட்டும் 'ஸியாமோ அந்தாதே'. அவேரே வந்தால் எச்சம் பொதுவாக மாறாது. ஆனால் அவனை, அவளை, அவர்களை என்ற குட்டிச் சொல் வினைக்கு முன்னால் நின்றால் அதற்கு ஏற்ப மாறியாக வேண்டும்: பெண்களைப் பார்த்தேன் என்பதற்கு 'லே ஓ வீஸ்தே'.

ஒழுங்கற்ற எச்சங்களை ஒலிக்கூட்டமாகப் படியுங்கள். அகரவரிசைப் பட்டியல் தலையில் நிற்காது. 'த்தோ' கூட்டம்: ஃபாத்தோ (செய்த), தேத்தோ (சொன்ன), ஸ்க்ரீத்தோ (எழுதிய), லேத்தோ (படித்த), ரோத்தோ (உடைந்த). 'ஸோ' கூட்டம்: ப்ரேஸோ (எடுத்த), கியூஸோ (மூடிய), தெசீஸோ (முடிவுசெய்த), பேர்ஸோ (இழந்த), இரட்டித்த ஸ-வோடு மேஸ்ஸோ (வைத்த). 'ஸ்தோ' கூட்டம்: வீஸ்தோ (பார்த்த), கியேஸ்தோ (கேட்ட), ரிஸ்போஸ்தோ (பதில் சொன்ன), ரிமாஸ்தோ (தங்கிய). 'ர்தோ' கூட்டம்: அபேர்தோ (திறந்த), மோர்தோ (இறந்த), ஒஃப்ஃபேர்தோ (வழங்கிய). எஸ்ஸெரேக்கும் ஸ்தாரேக்கும் (ஒரு நிலையில் இருக்க) ஸ்தாதோ என்ற ஒரே எச்சம்.

நான்காம் படி: தொடர் இறந்தகாலமும் ஒரு தேர்வும்

இம்பெர்ஃபேத்தோ என்ற காலம் மொத்த அட்டவணையிலேயே நல்ல பிள்ளை. பர்லாவோ, பர்லாவி, பர்லாவா, பர்லவாமோ, பர்லவாதே, பர்லாவனோ. எரே குடும்பத்துக்கு ஏவோ (வெந்தேவோ), ஈரே குடும்பத்துக்கு ஈவோ (பர்தீவோ). முற்றிலும் விலகி நிற்பது எஸ்ஸெரே மட்டும்: ஏரோ, ஏரி, ஏரா, எரவாமோ, எரவாதே, ஏரனோ. ஃபாரே, தீரே, பேரே (குடிக்க) மூன்றும் தங்கள் பழைய நீண்ட உருவத்துக்குத் திரும்பி ஃபசேவோ, திசேவோ, பெவேவோ ஆகின்றன. இந்த ஃபசே, திசே, பெவே அடிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் வருவார்கள்.

வடிவம் எளிது, எப்போது எது என்பதுதான் சிரமம். நிகழ்வு முடிந்தது, எல்லை தெரிகிறது என்றால் பஸ்ஸாதோ ப்ரோஸ்ஸிமோ. பின்னணி, பழக்கம், நடந்துகொண்டிருந்த நிலை என்றால் இம்பெர்ஃபேத்தோ. 'தொர்மீவோ க்வாந்தோ ஏ அர்ரிவாதோ மார்கோ': தூங்கிக்கொண்டிருந்தேன், அப்போது மார்கோ வந்தான். 'சின்ன வயதில் தினமும் போவேன்' என்று பழைய பழக்கத்துக்கு நாம் எதிர்கால விகுதி போடுகிறோமே, அங்கேயும் இத்தாலியனுக்கு இம்பெர்ஃபேத்தோதான். அந்த இடத்தில் தமிழைப் பின்பற்றினால் தவறிவிடும்.

சில வினைகளில் காலம் மாறினால் பொருளே நகரும். 'ஸபேவோ' என்றால் எனக்கு முன்பே தெரியும். 'ஓ ஸபூதோ' என்றால் தெரியவந்தது. 'கொனொஷேவோ' என்றால் அவரோடு பழக்கம் இருந்தது; 'ஓ கொனொஷூதோ' என்றால் முதன்முதலாக அறிமுகமானேன்.

இம்பெர்ஃபேத்தோ கைக்கு வந்ததும் இன்னொரு காலம் இலவசம். துணைவினையை இம்பெர்ஃபேத்தோவில் வைத்து எச்சத்தைச் சேர்த்தால் அதற்கும் முந்தைய இறந்தகாலம்: 'அவேவோ பர்லாதோ' (பேசியிருந்தேன்), 'ஏரோ பர்தீதோ' (புறப்பட்டிருந்தேன்).

ஐந்தாம் படி: எதிர்காலமும் 'செய்வேனே' பாங்கும் ஒன்றாக

இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயமாகப் படிப்பது வீண் என்பேன். அடி ஒன்றுதான், விகுதி மட்டும் வேறு. அகராதி வடிவத்தின் கடைசி ஏ-வை நீக்குங்கள்; ஆரே குடும்பத்தில் ஆ-வை எ ஆக்குங்கள். பர்லெர், வெந்தெர், பர்திர் என்ற அடிகள் கிடைக்கும்.

எதிர்காலம்: பர்லெரோ, பர்லெராய், பர்லெரா, பர்லெரேமோ, பர்லெரேதே, பர்லெரான்னோ. (நான், அவர் வடிவங்களில் அழுத்தம் கடைசி எழுத்தில்.)
கொந்தித்ஸியொனாலே என்னும் நிபந்தனைப் பாங்கு: பர்லெரேய், பர்லெரேஸ்தி, பர்லெரேப்பே, பர்லெரேம்மோ, பர்லெரேஸ்தே, பர்லெரேப்பெரோ. (ப்ப இங்கேயும் கம்பின் ப-தான்.)

'நாம்' வடிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பர்லெரேமோ என்றால் பேசுவோம், பர்லெரேம்மோ என்றால் பேசுவோமே (ஆனால்...). ஒரே ஒரு ம் வித்தியாசம். ஒற்று இரட்டிப்பதை ஐரோப்பியர் பலர் காதில் வாங்குவதே கடினம்; படம், பட்டம் என்று பேசி வளர்ந்த நமக்கு அது உடனே கேட்கும். மாறாக, அழுத்தம் மட்டும் பொருளை மாற்றும் இடத்தில் நாம்தான் தடுமாறுவோம். அதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

ஒழுங்கற்ற அடிகள் இரண்டு காலங்களுக்கும் பொது. உயிரெழுத்தை விழுங்குபவை: அவ்ரோ, அந்த்ரோ, பொத்ரோ, தொவ்ரோ, ஸப்ரோ, வெத்ரோ (பார்ப்பேன்). ர்ர ஆகுபவை: வெர்ரோ (வருவேன்), வொர்ரோ (விரும்புவேன்), ரிமர்ரோ (தங்குவேன்), பெர்ரோ (குடிப்பேன்). அ-வை விடாதவை: ஃபரோ, தரோ (கொடுப்பேன்), ஸ்தரோ. எஸ்ஸெரேக்கு ஸரோ. கடைக்குப் போனால் முதலில் தேவைப்படும் 'வொர்ரேய் உன் கஃப்ஃபே' (ஒரு காபி வேண்டும்) இந்தக் குடும்பத்துக் குழந்தைதான். 'வோல்யோ' என்று நேராகக் கேட்டால் அதட்டுவது போல ஒலிக்கும்.

எதிர்காலத்தை ஊகத்துக்குப் பயன்படுத்துவதில் தமிழும் இத்தாலியனும் கைகோக்கின்றன. 'மணி எட்டு இருக்கும்' என்பது 'ஸரான்னோ லே ஓத்தோ'. 'அவருக்கு முப்பது வயது இருக்கும்' என்பது 'அவ்ரா த்ரென்தான்னி'. 'இந்நேரம் கிளம்பியிருப்பார்' என்பது 'ஸரா ஜா பர்தீதோ'. துணைவினையின் எதிர்காலமும் எச்சமும் சேர்ந்த இந்த வடிவத்துக்குத்தான் ஃபுதூரோ அன்தெரியோரே என்று பெயர். புத்தகங்கள் தனி விதியாக விளக்கும் இந்தப் பயன்பாடு நமக்குப் பழகிய ஒன்று.

நிபந்தனைப் பாங்கின் கூட்டு வடிவத்துக்கு ('ஸரேப்பே பர்தீதோ'), ஏழாம் படியில் வரும் 'ஆல்' வாக்கியங்களைத் தவிர, இரண்டு முக்கிய வேலைகள். ஒன்று, செய்தியில் உறுதிப்படாததைச் சொல்வது. 'இல் மினீஸ்த்ரோ ஸரேப்பே பர்தீதோ' என்று இத்தாலியப் பத்திரிகை எழுதினால் 'அமைச்சர் கிளம்பிவிட்டாராம்' என்று வாசிக்க வேண்டும். நம் 'ஆம்' விகுதி செய்யும் வேலை அது. இன்னொன்று, இறந்தகாலத்தில் நின்றுகொண்டு பின்னால் நடக்க இருந்ததைச் சொல்வது. 'வருவதாகச் சொன்னான்': 'ஆ தேத்தோ கே ஸரேப்பே வெனூதோ'. வந்தானா வரவில்லையா என்பது இதில் தெரியாது. கூட்டு வடிவம்தான் இங்கே சரி. எளிய வடிவம் போட்டால் தவறு.

ஆறாம் படி: கொன்ஜுன்தீவோ

முதல் படியில் ஐயப் பாங்கு என்றது இதைத்தான்: ஐயம், விருப்பம், அச்சம், மதிப்பீடு ஆகியவற்றுக்குப் பின்னால் வரும் பாங்கு. இதன் பெயரைக் கேட்டாலே மாணவர்கள் மிரள்வார்கள். வடிவம் அவ்வளவு மிரட்டலானது இல்லை.

'நான்' வடிவத்தின் ஓ-வை எடுத்துவிடுங்கள். ஆரே குடும்பத்துக்கு இ போடுங்கள், மற்ற இரண்டுக்கும் ஆ. நான், நீ, அவர் மூன்றுக்கும் ஒரே வடிவம்.

பார்லி, பார்லி, பார்லி, பர்லியாமோ, பர்லியாதே, பார்லினோ.
வேந்தா, வேந்தா, வேந்தா, வெந்தியாமோ, வெந்தியாதே, வேந்தனோ.

ஒழுங்கற்ற வினைகளும் பெரும்பாலும் இதற்குக் கட்டுப்படும். வேங்கோ என்றால் வேங்கா, ஃபாச்சோ என்றால் ஃபாச்சா, தீகோ என்றால் தீகா, வாதோ என்றால் வாதா. அடங்காதவை ஐந்து: ஸீயா (எஸ்ஸெரே), ஆப்பியா (அவேரே), ஸாப்பியா (ஸபேரே), தீயா (தாரே, கொடுக்க), ஸ்தீயா (ஸ்தாரே). இவற்றில் எஸ்ஸெரேயைத் தவிர மற்ற நான்குக்கும் 'நான்' வடிவம் ஓரசைதான் (ஓ, ஸோ, தோ, ஸ்தோ). விதிவிலக்குகளை நினைவில் வைக்க இதைவிட நல்ல கொக்கி எனக்குத் தெரியாது.

இனி எப்போது என்ற கேள்வி. 'பேன்ஸோ கே' (என்று நினைக்கிறேன்), 'ஸ்பேரோ கே' (என்று நம்புகிறேன்), 'வோல்யோ கே' (வேண்டும் என்கிறேன்), 'பென்கே' (என்றாலும்), 'ப்ரீமா கே' (முன்னதாக) ஆகியவற்றுக்குப் பின் இது வேண்டும். 'ஸோ கே' (எனக்குத் தெரியும்) வந்தால் வேண்டாம். 'ஸோ கே மரீயா பார்தே தொமானி' என்பது உறுதி. 'பேன்ஸோ கே மரீயா பார்தா தொமானி' என்பது கருத்து. இரண்டு பக்கமும் ஆள் ஒருவரே என்றால் 'கே'யும் கிடையாது, கொன்ஜுன்தீவோவும் கிடையாது: 'பேன்ஸோ தி பர்தீரே', கிளம்பலாம் என்று நினைக்கிறேன். வடிவத்தில் சந்தேகம் இருக்கும் நாட்களில் 'ஸெகோந்தோ மே' (என்னைப் பொறுத்தவரை) என்று தொடங்குங்கள், சாதாரண நிகழ்காலமே போதும். அது ஏமாற்று வேலை இல்லை, இத்தாலியர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இறந்தகாலத்துக்கு: பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸே, பர்லாஸ்ஸிமோ, பர்லாஸ்தே, பர்லாஸ்ஸெரோ. எஸ்ஸெரேக்கு ஃபோஸ்ஸி. முன்னே குறித்து வைக்கச் சொன்ன அடிகள் இங்கே திரும்புகின்றன: ஃபசேஸ்ஸி, திசேஸ்ஸி, பெவேஸ்ஸி. கூட்டு வடிவங்களுக்குத் துணைவினையை இந்தப் பாங்கில் வைத்து எச்சத்தைச் சேர்க்க வேண்டும்.

தலைமை வினை நிகழ்காலம் என்றால்: 'பேன்ஸோ கே பார்தா' (கிளம்புகிறாள் என்று நினைக்கிறேன்), 'பேன்ஸோ கே ஸீயா பர்தீதா' (கிளம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்). தலைமை வினை இறந்தகாலம் என்றால்: 'பென்ஸாவோ கே பர்தீஸ்ஸே', 'பென்ஸாவோ கே ஃபோஸ்ஸே பர்தீதா'. பின்னால் கிளம்புவாள் என்று நினைத்தேன் என்றால், ஐந்தாம் படியில் சொன்னதுபோல 'பென்ஸாவோ கே ஸரேப்பே பர்தீதா'.

ஏழாம் படி: 'ஆல்' வாக்கியங்கள்

நேரம் இருந்தால் கிளம்புகிறேன்: 'ஸே ஓ தேம்போ, பார்தோ'. நடக்கக்கூடியது, இரண்டு பக்கமும் நிகழ்காலம், எதிர்காலமும் போடலாம்.

நேரம் இருந்தால் கிளம்புவேனே (ஆனால் இல்லை): 'ஸே அவேஸ்ஸி தேம்போ, பர்திரேய்'.

நேரம் இருந்திருந்தால் கிளம்பியிருப்பேன்: 'ஸே அவேஸ்ஸி அவூதோ தேம்போ, ஸரேய் பர்தீதோ'.

'ஸே' இருக்கும் பக்கம் கொன்ஜுன்தீவோ, மறுபக்கம் கொந்தித்ஸியொனாலே. 'ஸே அவ்ரேய்' என்று மாற்றிப் போடுவது இத்தாலியர்களே ஒருவரை ஒருவர் கேலி செய்யும் பிழை. பேச்சுவழக்கில் மூன்றாவது வகைக்கு ஒரு குறுக்குவழி உண்டு: இரண்டு பக்கமும் இம்பெர்ஃபேத்தோ. 'ஸே லோ ஸபேவோ, நொன் வெனீவோ' (தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்). நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம், தேர்வுத்தாளில் எழுத வேண்டாம்.

எட்டாம் படி: ஏவலும் மரியாதையும்

நீ, நீங்கள் வேறுபாடு நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் பழக்கமே இங்கே காலை வாரும். தமிழில் மரியாதைக்குப் பன்மை. இத்தாலியனில் ஒருவரை மரியாதையாக அழைக்கும் 'லேய்' என்ற சொல்லுக்கு 'அவர்' வடிவம், அதாவது ஒருமை. வங்கி அதிகாரியிடம் 'பர்லாதே' என்று கேட்டால் ஒரு கும்பலைக் கேட்பது போல இருக்கும். 'பார்லா' என்பதே சரி. பன்மையான 'வோய்' சொல்லை ஒருவருக்கே மரியாதையாகச் சொல்லும் வழக்கம் தென் இத்தாலியில் இன்னும் உண்டு. 1938-இல் ஃபாசிச அரசு 'லேய்' கூடாது, 'வோய்' என்றே சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டுப் பார்த்தது. அரசு போனதும் 'லேய்' திரும்பிவிட்டது.

ஏவலில் உயிரெழுத்துகள் இடம் மாறும். ஆரே குடும்பத்தில் நீ என்றால் ஆ, மரியாதை என்றால் இ: ஸ்கூஸா (மன்னிச்சுக்கோ), ஸ்கூஸி (மன்னியுங்கள்). மற்ற குடும்பங்களில் தலைகீழ்: ஸேன்தி (கேள்), ஸேன்தா (கேளுங்கள்). மரியாதை வடிவம் கொன்ஜுன்தீவோவேதான், புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். கடைக்காரர் 'மி தீகா' என்றால் 'சொல்லுங்கள், என்ன வேண்டும்' என்று பொருள். நண்பன் என்றால் 'தீம்மி'. குட்டிச் சொல் மரியாதை வடிவத்துக்கு முன்னால் நிற்கும், 'நீ' வடிவத்தோடு பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

'நீ' வடிவத்தின் எதிர்மறைக்கு அகராதி வடிவமே: 'நொன் பர்லாரே', பேசாதே.

ஒன்பதாம் படி: 'கொண்டு' வடிவமும் 'பிடிக்கும்' வினையும்

பர்லாந்தோ, வெந்தேந்தோ, பர்தேந்தோ. ஸ்தாரேயோடு சேர்த்தால் 'ஸ்தோ பர்லாந்தோ', பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த நொடியில் நடப்பதற்கு மட்டும் இது. நாளைய திட்டத்துக்கு உதவாது. கிளம்பப் போகிறேன் என்றால் 'ஸ்தோ பெர் பர்தீரே'.

பியசேரே வினை ஐரோப்பியர் சிலருக்குத் தலைவலி, நமக்கு இல்லை. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பது அதே அமைப்பில் 'மி பியாசே இல் கஃப்ஃபே'. பிடித்த பொருள் பன்மை என்றால் வினையும் பன்மை: 'மி பியாச்சொனோ'. இறந்தகாலத்தில் எஸ்ஸெரே வரும், எச்சம் பிடித்த பொருளுக்கு ஏற்ப மாறும்: 'மி ஸோனோ பியசூதி'.

பத்தாம் படி: தொலை இறந்தகாலம்

பஸ்ஸாதோ ரெமோதோ வட இத்தாலியப் பேச்சில் அநேகமாகக் கேட்காது. தெற்கிலும் சிசிலியிலும் பேச்சிலேயே உண்டு, தஸ்கனியிலும் கேட்கலாம். நாவல், வரலாறு, வாழ்க்கைக் குறிப்பு என்று எதைத் திறந்தாலும் இதுதான். ஆகவே முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், சொந்தமாக எழுதுவது பிறகு.

பர்லாய், பர்லாஸ்தி, பர்லோ, பர்லாம்மோ, பர்லாஸ்தே, பர்லாரொனோ. மூன்றாவதில் அழுத்தம் கடைசி ஓ-வில். முதல் அசையில் அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசியில் அழுத்தினால் 'அவர் பேசினார்'. அழுத்தத்தால் பொருள் மாறும் வழக்கம் தமிழில் இல்லாததால் இதைக் காதால் கேட்டுப் பழகியே ஆக வேண்டும்.

ஒழுங்கற்றவை பெரும்பாலும் எரே குடும்பத்தில், அதுவும் பாதி வடிவங்களில் மட்டும். எழுத என்ற ஸ்க்ரீவெரே: ஸ்க்ரீஸ்ஸி, ஸ்க்ரிவேஸ்தி, ஸ்க்ரீஸ்ஸே, ஸ்க்ரிவேம்மோ, ஸ்க்ரிவேஸ்தே, ஸ்க்ரீஸ்ஸெரோ. நான், அவர், அவர்கள் மூன்றில் மட்டும் அடி மாறுகிறது. மற்ற மூன்றும் ஒழுங்கு. அதனால்தான் 'நான்' வடிவம் ஒன்று போதும் என்றேன். எஸ்ஸெரேக்கு: ஃபூய், ஃபோஸ்தி, ஃபூ, ஃபூம்மோ, ஃபோஸ்தே, ஃபூரொனோ.

நாம் வீரமாமுனிவர் என்று அழைக்கும் பெஸ்கி பிறந்த ஊர் வட இத்தாலியில் உள்ளது. அவரைப் பற்றி எழுதினால்: 'பேஸ்கி நாக்வே அ கஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே நெல் 1680'. தமிழில் எழுதினார் என்பதற்கு 'ஸ்க்ரீஸ்ஸே இன் தாமில்'. அதே பிறப்பை உயிரோடு இருக்கும் நாம் நம்மைப் பற்றிச் சொல்லும்போது 'ஸோனோ நாதோ அ மதுரை', பெண் என்றால் 'நாதா'. எவ்வளவு ஆண்டு கழிந்தது என்பதைவிட, அந்த நிகழ்வு பேசுகிறவரின் இன்றோடு ஒட்டியிருக்கிறதா, முடிந்து மூடப்பட்டதா என்பதே இங்கே கணக்கு.

இதன் கூட்டு வடிவமான த்ரபஸ்ஸாதோ ரெமோதோ ('எப்பி பர்லாதோ') பழைய நூல்களில் 'உடனே', 'பிறகு' என்ற சொற்களுக்கு அடுத்து எப்போதாவது தென்படும். அடையாளம் தெரிந்தால் போதும், கடந்துபோங்கள்.

பயிற்சியின் வரிசை

நிகழ்காலம், பஸ்ஸாதோ ப்ரோஸ்ஸிமோ, இம்பெர்ஃபேத்தோ மூன்றும் நாக்கில் உருளும்வரை அடுத்ததைத் தொட வேண்டாம். இவற்றை வைத்தே அன்றாடப் பேச்சில் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். 'வொர்ரேய்', 'ஸ்கூஸி', 'மி தீகா' போன்றவற்றை மட்டும் இலக்கணம் கேட்காமல் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எதிர்காலமும் நிபந்தனைப் பாங்கும் சேர்ந்து. அதன்பின் கொன்ஜுன்தீவோ, கடைசியில் பஸ்ஸாதோ ரெமோதோ.

ஒரு வினையை ஆறு வடிவங்களிலும் ஒப்பிப்பதைவிட, ஒரே வாக்கியத்தைக் காலம் காலமாக நகர்த்திப் பாருங்கள். 'மரீயா பார்தே' என்பதை எடுத்து, கிளம்பினாள், கிளம்பிக்கொண்டிருந்தாள், கிளம்பியிருப்பாள், கிளம்பினாளாம், கிளம்புகிறாள் என்று நினைக்கிறேன் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டு மாற்றுங்கள். பிறகு மரீயாவை எடுத்துவிட்டு 'நாங்கள்' போடுங்கள். பிறகு பர்தீரேக்குப் பதில் ஃபாரே. அப்போது துணைவினையும் மாறும், எச்சமும் முரண்டு பிடிக்கும். எங்கே நாக்கு நிற்கிறதோ, அந்த வடிவத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு மறுநாள் அதிலிருந்து தொடங்குங்கள்.